மனைவி ஊருக்குத் தொழிலோடு குடிபெயர்ந்தபோது

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வெளிநாடு போனால், அவருக்காகக் காகிதம் பார்க்க ஒரு கம்பெனி இருக்கும். வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டு போகிறவருக்கு விசா ஏஜெண்டுகள் வழி சொல்வார்கள். வெளிநாட்டு மனைவியின் ஊருக்குப் போய், இங்கே வீட்டு மாடியில் உட்கார்ந்து நடத்திவந்த சொந்தத் தொழிலையும் அங்கிருந்தே தொடர வேண்டியவனுக்கு, முழுவதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல ஒருவரும் கிடைப்பதில்லை. ஏஜெண்டுக்கு விசா தெரியும். பாளையங்கோட்டை ஆடிட்டருக்கு இந்திய வரி தெரியும். என் மனைவிக்கு அவள் நாட்டு நடைமுறை தெரியும். இந்த மூவர் கையிலும் அகப்படாமல் நடுவில் விழுந்த விஷயங்களில்தான் எனக்கு ஏறத்தாழ ஒரு வருட வருமானம் கரைந்தது. அந்த நடுப்பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் ஊருக்கே திரும்பி, இரும்புக் கட்டுமானங்களுக்கான வரைபடம் போடும் தொழிலைத் தனியாளாகச் செய்துவந்தேன். தொழிற்சாலைக் கூரை, கிடங்கு, பாலத்தின் உத்திரம் போன்றவற்றில் எந்த இரும்பை எங்கே வெட்டி, எங்கே துளை போட்டு, எந்த போல்ட்டால் முடுக்க வேண்டும் என்று பட்டறைக்குச் சொல்லும் வரைபடங்கள் அவை. சென்னையிலும் கோவையிலும் துபாயிலும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். என் மனைவி ஜெர்மன்காரி. கூந்தன்குளத்துக்கும் தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கும் வரும் நீர்ப்பறவைகளை ஆராய வந்தவள். அவளுடைய ஆராய்ச்சி முடிந்து, ஊருக்குத் திரும்பினால் நிரந்தர வேலை என்ற நிலை வந்தபோது, நானே அவளுடன் போவதென்று முடிவு செய்தோம். “பொண்டாட்டி வீட்டோட மாப்பிள்ளையாவா போற? நல்லா இருக்குலே!” என்று சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்று உறைக்கவில்லை. பிறகு கையில் காசு வராத மாதங்களில் நன்றாக உறைத்தது.

கல்யாணம் 2023 தொடக்கத்தில், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் முன்னிலையில் நடந்தது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தபின் ஆட்சேபணைக்காக இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிந்துவிட வேண்டும். வெளிநாட்டவர் தரப்பில், இவருக்குத் திருமணத் தடை எதுவும் இல்லை என்று அவர் ஊர்ப் பதிவு அலுவலகம் தரும் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் தரப்படும் அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். ஆகையால் அதை முதலில் வாங்கி வைத்துவிட்டு மற்றதை ஆற அமரப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. இந்தப் பகுதி எங்களுக்கு அதிகச் சிரமம் இல்லாமல் முடிந்தது. பத்திர ஆபீசில் இருந்தவர்கள் பொறுமையாகவே நடந்துகொண்டார்கள்.

சிரமம் என் பெயரில் ஆரம்பித்தது. எங்கள் தலைமுறையில் பலருக்கும் இருப்பதுபோல என் பிறப்புச் சான்றிதழில் “ஆண் குழந்தை” என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டிப் பெயரைச் சேர்த்து வாங்குவதற்கே வாரக்கணக்கில் ஆயிற்று. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருந்தன. இந்தியாவில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் குடும்பப் பெயர் இல்லாத மனிதனை ஜெர்மன் அலுவலகக் கணினி ஏற்றுக்கொள்வதில்லை. அங்கே என் பெயரும் அப்பா பெயரும் குடும்பப் பெயராகிவிட்டன. எனக்கென்று ஒரு முதற்பெயரே இல்லாமல் போயிற்று. வங்கியில் ஒருவிதமாகவும், காப்பீட்டு அட்டையில் வேறுவிதமாகவும், பணம் அனுப்பும் வாடிக்கையாளரின் கணக்கில் மூன்றாவது விதமாகவும் பதிவாகி, பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பிப் போனதும் உண்டு. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள், கல்யாணப் பதிவுக்கும் முன்பே திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் பெயரை இரண்டாகப் பிரித்துப் புதுக் கடவுச்சீட்டு வாங்கிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு எடுக்கும் எல்லாக் காகிதமும் ஒரே பெயரில் அமைந்துவிடும்.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டுக் காகிதத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை. கல்யாணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் சென்னையில் மாநில அரசிடம் மேலொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருவதாகச் சொல்லி, ஓர் ஏஜென்சி என்னிடம் 14,000 ரூபாய் வாங்கியது. அரசு அந்த முத்திரைக்கு வாங்கும் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய்தான்; மீதியெல்லாம் அலைச்சலுக்கான கூலி. கூலி போகட்டும், அந்த முத்திரை எங்களுக்குப் பயன்படவே இல்லை என்பதுதான் விஷயம். அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தபோது ஜெர்மனி அதற்கு ஆட்சேபணை தெரிவித்திருந்ததால், இந்தியக் காகிதங்களின் மேல் உள்ள அப்போஸ்டிலை அந்த நாட்டு அலுவலகங்கள் ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக, இந்தியாவில் உள்ள அவர்களுடைய தூதரகம் ஒரு வழக்கறிஞர் மூலம் ஒவ்வொரு காகிதத்தையும் நேரில் விசாரித்து, உண்மைதான் என்று அறிக்கை தரும். பிரான்சுக்கோ நெதர்லாந்துக்கோ போகிறவருக்கு அப்போஸ்டில் போதும். ஜெர்மனிக்குப் போகிறவருக்குப் போதாது. ஏஜென்சிக்காரர் எல்லா நாட்டுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகம் இந்தியக் காகிதங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதை முதலில் நீங்களே படித்துவிடுங்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அந்த விசாரணைக்குச் செலவான பணம் தனி. அதைவிட, பல மாதங்கள் போனதுதான் பெரிய நஷ்டம். வேலையில் சேர வேண்டிய தேதி நெருங்கியதால் மனைவி முன்னதாகவே கிளம்பிவிட்டாள். நான் கல்லிடைக்குறிச்சியில் கோப்பு நகர்வதற்காகக் காத்திருந்தேன். ஒருநாள் காலை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, எங்கள் வீட்டுக்கு வராமல் நேரே எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, இந்தக் கல்யாணம் நிஜமாக நடந்ததா என்று ஆச்சியிடம் கேட்டிருக்கிறார். “நடக்காம என்ன? வெள்ளக்காரப் பிள்ளையா இருந்தாலும் வீரவநல்லூர்ச் சேலதான் உடுத்திச்சு. சாப்பாட்டுக்குக் கூட்டு மட்டும் கொஞ்சம் உப்பு சாஸ்தி” என்று ஆச்சி சாட்சி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். விசாரிக்க வருகிறவர் யார் என்று தெரியாமல் பக்கத்து வீட்டார் பயந்துபோய், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால், அதுவும் அறிக்கையில் ஏறிவிடும். ஆகவே இப்படி ஒருவர் வரக்கூடும் என்று தெருவில் நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஜெர்மன் மொழியின் முதல் நிலைத் தேர்வையும் எழுத வேண்டும்; நான் சென்னையில் எழுதினேன். ஜெர்மன் குடிமக்களின் கணவன் மனைவிக்கும் பொதுவாக அது கட்டாயம்தான். அது கஷ்டமான தேர்வு இல்லை. ஆனால் இடம் கிடைப்பது கஷ்டம். கல்யாணத் தேதி குறித்த அன்றே தேர்வுக்கும் பதிவு செய்துவிட வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் போய்வந்த அலைச்சலைத் தவிர இதில் சொல்ல அதிகமில்லை.

விசா கைக்கு வந்தபோது நவம்பர் ஆகியிருந்தது. இந்தத் தாமதத்துக்கு வரியில் ஒரு விலை உண்டு என்பதை அதுவரை யாரும் சொல்லவில்லை. இந்திய வருமான வரியில் ஒரு நிதியாண்டுக்குள் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் அந்த ஆண்டு முழுவதற்கும் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார். ஏப்ரல் 1இலிருந்து எண்ணினால் அந்தக் கணக்கு செப்டம்பர் 29இல் நிறைவடைந்துவிடும். செப்டம்பர் நடுவில் கிளம்பியிருந்தால், வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வரும் பின்பாதி வருமானம் இந்தியக் கணக்குக்கு வந்தே இருக்காது. நவம்பரில் கிளம்பியதால், 2024 மார்ச் வரை ஜெர்மனியில் உட்கார்ந்து சம்பாதிப்பதும் இந்தியக் கணக்கில் காட்ட வேண்டியதாயிற்று. அதே பணத்தை ஜெர்மனியும், வந்திறங்கிய நாளிலிருந்து, தன் கணக்கில் கேட்கும். இரண்டு நாட்டுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டியதில்லைதான். ஆனால் அதை எழுதிக் காட்டி நிரூபிக்கும் வேலையும், அதற்கான ஆடிட்டர் கட்டணமும் நம் தலையில்தான் விழும்.

இதில் இன்னொரு நுணுக்கத்தையும் ஆடிட்டர் பிறகு விளக்கினார். வேலைக்காக இந்தியாவை விட்டுப் போகிற குடிமகனுக்குத்தான் அந்த 182 நாள் சலுகை. மனைவியுடன் சேர்ந்து வாழப் போகிறேன் என்று மட்டும் காரணம் காட்டிப் போகிறவருக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளாவது இந்தியாவில் இருந்திருந்தால், 60 நாளே போதும். அந்த ஆண்டுக்கு வசிப்பவர் ஆகிவிடுவார். சொந்தத் தொழிலும் வேலைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே குடும்ப விசாவில் போனாலும், தொழில் செய்யத்தான் போகிறேன் என்பதற்கு வாடிக்கையாளரின் ஒப்பந்தமோ கடிதமோ கையில் இருப்பது நல்லது. எனக்கு நவம்பர் ஆகிவிட்டதால் எந்தச் சலுகையும் உதவவில்லை. ஒரே ஆறுதல், அந்த ஆண்டு வசிப்பவனாக இருந்ததால், வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையைக் கடைசியாக ஒருமுறை பயன்படுத்த முடிந்தது. வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால் அந்த முறை கிடையாது.

ஜெர்மனியில் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அங்கே 2023க்குக் கணக்குக் காட்டும்போது, நான் வந்திறங்குவதற்கு முன் ஜனவரியிலிருந்து இந்தியாவில் சம்பாதித்ததையும் கேட்டார்கள். அதற்கு அவர்கள் வரி போடுவதில்லை; ஆனால் எந்த விகிதத்தில் வரி போடுவது என்று தீர்மானிக்க அதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏப்ரல்–மார்ச் கணக்கு வைத்திருந்த நான் எல்லாவற்றையும் மாதவாரியாகப் பிரித்து, அந்தந்த மாத யூரோ மதிப்பில் எழுத வேண்டியிருந்தது. குடிபெயரும் எண்ணம் வந்தவுடனே பில், வங்கி வரவு, செலவு மூன்றையும் மாதவாரியாக எழுதத் தொடங்கிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் இந்தியாவில் மூடிவிட்டு வர வேண்டியவை இரண்டு. ஒன்று ஜி.எஸ்.டி. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வரி போடாமல் பில் அனுப்புவதற்காக ஆண்டுதோறும் ஓர் உறுதிமொழிக் கடிதம் பதிவேற்றிவந்தேன். சேவை தருகிறவர் இந்தியாவில் இருந்தால்தான் அது ஏற்றுமதி. அவரே வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பொருள் இல்லை. பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். ரத்து ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டால், அந்த இறுதிக் கணக்குக்காக நாள் கணக்கில் அபராதம் ஏறும். மற்றது வங்கிக் கணக்கு. வெளிநாட்டில் வேலையோ தொழிலோ செய்யக் கிளம்பியவர் தன் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். ஊரில் இருக்கும்போது வங்கியில் கேட்டதற்கு, “அங்க போயி விசா அட்டை வந்தப்புறம் மெயில் போடுங்க சார், மாத்திரலாம்” என்றார்கள். அங்கே போய் மெயில் போட்டதும், இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி அசல் காகிதத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, என்னென்ன இணைக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரியும் பிடிப்பார்கள் என்பதால், வைப்புத்தொகை வைத்திருப்பவர்கள் அதையும் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போய் இறங்கியது வடக்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதித் தரும் உறுதிச் சீட்டு வேண்டும். பதிவு செய்தால் வரி அடையாள எண் தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் கடிதமும் வரவில்லை. நான் அலுவலகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, மனைவிக்குத்தான் சந்தேகம் வந்து கீழே போய்ப் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருந்த தகரப் பெட்டிகளில், எங்கள் பெட்டியின் மேல் அவளுடைய குடும்பப் பெயர் மட்டும் அச்சடித்துச் சொருகியிருந்தது. அந்த நாட்டில் தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். கதவு எண்ணைச் சொல்லி ஆளைக் கேட்டுக் கொடுக்கும் வழக்கம் இல்லை. என் பெயருக்கு வந்ததெல்லாம் ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதி டேப் வைத்து ஒட்டிய பிறகுதான் எனக்கு எண் வந்தது. அதற்குள் ஒரு மாதம் போயிற்று. அந்த எண் வராமல் தொழில் பதிவில் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

சொந்தத் தொழில்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. அங்கே காப்பீடு இல்லாமல் இருக்க முடியாது. வேலையில் இருக்கும் மனைவியின் அரசுசார் காப்பீட்டில் கணவனைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கணவனின் மாத வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், சொந்தத் தொழில் அவருடைய முழுநேர வேலையாகவும் இருக்கக் கூடாது. 2024இல் அந்த வரம்பு மாதம் 505 யூரோ. முழுநேரத் தொழில்காரன் என்று ஆனவுடன் தனிச் சந்தா. அது வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குப் போகும், எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும் மாதம் 200 யூரோவுக்குக் குறையாது. இந்தியாவில் வருடத்துக்கு ஒருமுறை கட்டிவந்த தொகையை அங்கே ஒவ்வொரு மாதமும் கட்டினேன். ஆனால் பெரிய கண்ணி இதற்கும் முன்னால் இருக்கிறது. நம் நாட்டிலிருந்து நேரே போய் முதல் நாளே தொழிலைப் பதிவு செய்கிறவருக்கு அரசுசார் காப்பீட்டுக்குள் நுழைய வழி அடைபட்டுவிடக்கூடும், தனியார் காப்பீடுதான் கதி; வயது ஏற ஏற அதில் கட்டணம் கூடும். முதலில் மனைவியின் காப்பீட்டில் குடும்ப உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு, பிறகு தொழிலைத் தொடங்கினால், அந்தக் குடும்பக் காப்பீடு முடியும்போது அதே நிறுவனத்தில் தனி உறுப்பினராகத் தொடரச் சட்டம் இடம் கொடுக்கிறது. நல்வாய்ப்பாகக் காப்பீட்டு அலுவலகப் பெண் ஒருவர் எங்களை எதிரில் உட்காரவைத்து இதைச் சொன்னார். அதனால்தான் சில மாதங்கள் தொழிலை நிறுத்தி வைத்தேன். விசாவிலேயே வேலை செய்ய அனுமதி இருந்தும், ஜெர்மனியில் உட்கார்ந்து துபாய்க்கு வரைபடம் போட்டாலும் அது ஜெர்மனியில் செய்த தொழில்தான் என்பதால், வந்த வேலைகளையெல்லாம் வேறு ஆட்களுக்குத் திருப்பிவிட்டேன். இதற்கு என்ன இழந்தேன் என்று கேட்டால், நான்கு லட்சத்துக்குக் குறையாது. தனியார் காப்பீட்டில் சிக்கியிருந்தால் இழந்திருக்கக்கூடியதைப் பார்க்க, அது தேவலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த மாதங்களுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். ஆறு மாதச் செலவு என்று எல்லோரும் சொல்வார்கள். தொழில்காரர் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் பதிவின்போது வரி அலுவலகம் என்னைப் பொறியாளராக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டடத்தை நீங்கள் வடிவமைக்கிறீர்களா, மற்றவர் வடிவமைத்ததை வரைந்து தருகிறீர்களா என்று எழுதிக் கேட்டார்கள். வரைந்து தருகிறேன் என்றால் அது வணிகம். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற சுயதொழில் வரிசையில் அது சேராது. பொறியாளர் என்ற பட்டப் பெயரையே அங்கே அனுமதி வாங்கித்தான் போட்டுக்கொள்ள முடியும். வணிகம் என்று ஆனதால் நகராட்சியில் தனிப் பதிவு, வணிகச் சங்கத்தில் கட்டாய உறுப்பினர் என்று சில சேர்ந்தன. லாபம் குறைவாக இருக்கும்வரை சங்கத்துக்குக் கட்டணம் இல்லை. இதில் பணத்தைவிட மனம்தான் அடிபட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு செய்த வேலைக்கு வேறு பெயர் வைத்தால் யாருக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

பிறகு நம் ஊர் வாடிக்கையாளர்கள். நான் எதிர்பாராத அடி இங்கேதான் விழுந்தது. ஊர் மாறினால் என்ன, அதே ஆள், அதே கணினி, அதே வரைபடம் என்று நினைத்திருந்தேன். 2024 ஏப்ரலிலிருந்து நான் வெளிநாட்டில் வசிப்பவன் ஆனதும், எனக்குப் பணம் தரும் இந்தியக் கம்பெனிக்குச் சட்டமே வேறாகிவிட்டது. வேலையை எங்கே உட்கார்ந்து செய்தாலும், தொழில்நுட்பச் சேவைக்கான கட்டணத்தை இந்தியாவிலிருந்து பெற்றால் அது இந்தியாவில் விளைந்த வருமானமாகவே கருதப்படுகிறது. அதற்கான வரி விகிதம் 2023 பட்ஜெட்டில் 10இலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது; அதன்மேல் கூடுதல் வரியும் உண்டு. ஜெர்மனியுடனான ஒப்பந்தப்படி 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆனால் அந்தச் சலுகையைக் கேட்க, நான் ஜெர்மனியில் வரி கட்டுகிறவன் என்று அங்குள்ள வரி அலுவலகம் தரும் வசிப்பிடச் சான்றிதழும், இந்திய வரித் தளத்தில் பதிவேற்றும் 10எஃப் படிவமும் வேண்டியிருந்தன. சான்றிதழ் கைக்கு வருவதற்குள் சென்னை வாடிக்கையாளரின் ஆடிட்டர் இரண்டு பெரிய பில்களில் முழு விகிதத்தில் பிடித்துவிட்டார். லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அவர் மேல் தவறில்லை, காகிதம் இல்லாமல் குறைத்துப் பிடித்தால் அவர்தான் மாட்டிக்கொள்வார். அதிகம் பிடித்ததை இந்தியாவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்டேன், 2025இல்தான் வந்தது. மீதி 10 சதவீதத்தை ஜெர்மன் வரியில் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது.

கோவை வாடிக்கையாளர் சிறிய பட்டறைக்காரர். எனக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் அவர் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவம் போட வேண்டும். நான் அனுப்பும் பில்லுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை எனக்குப் பதிலாக அவரே முதலில் கட்டிவிட்டுப் பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பில் வரை பொறுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் போனில், “உங்க வேல சுத்தமான வேலைங்க. ஆனா இந்தக் காயிதம் எங்களால ஆவாதுங்க” என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டார். ஆறு ஆண்டுப் பழக்கம் அது. கிளம்புவதற்கு முன்பே ஒவ்வோர் இந்திய வாடிக்கையாளரின் கணக்காளரிடமும், இன்ன தேதியிலிருந்து நான் வெளிநாட்டில் வசிப்பவன், உங்களுக்கு என்னென்ன மாறும் என்று பேசிவிட்டால், யார் நிற்பார், யார் போவார் என்பதாவது முன்னால் தெரிந்துவிடும். அதற்கு ஏற்றபடி அந்த நாட்டில் வாடிக்கையாளரைத் தேடத் தொடங்கலாம். துபாய்க்காரர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை; எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்லும்போது எங்கள் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சம்பாதித்துப் பழகிய ஒருவன், காய்கறி வாங்கும் காசுக்கு மனைவியின் அட்டையை நீட்டுவது லேசான காரியம் இல்லை. அவள் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. நான்தான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பிவந்த பணத்தைச் சேமிப்பிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டு, வேலை நன்றாகப் போகிறது என்று போனில் சொன்னேன். கோபமெல்லாம் சின்ன விஷயங்களில் வெடித்தது. வீட்டுக்கு ஒருவர் என்று மாதம் 18.36 யூரோ வசூலிக்கும் ஒலிபரப்புக் கட்டணச் சீட்டைப் பார்த்து, டிவியே இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று நான் போட்ட சண்டையை அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பிறகு, மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையைப் பொதுக் கணக்கில் போட்டு, அதில் எடுப்பதற்கு இருவருமே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டோம். இந்த ஏற்பாட்டை ஊரில் இருக்கும்போதே பேசி முடித்திருக்கலாம்.

இன்னும் சில. இந்தியக் கைபேசி எண்ணை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். வங்கி, வருமான வரித் தளம், ஆதார் எல்லாமே அந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் ரத்தாகிவிட்டால், அதைத் திரும்ப வாங்க நேரில் வர வேண்டியிருக்கும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும்படி ரோமிங் வசதியை ஊரில் இருக்கும்போதே திறந்து சோதித்துவிடுங்கள். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து ஜெர்மனியில் ஆறு மாதம்தான் ஓட்டலாம். அதன்பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. மனைவிக்கு, விசா இல்லாமல் இந்தியாவுக்கு வந்துபோக உதவும் ஓ.சி.ஐ. அட்டை கேட்க, பதிவான கல்யாணம் இரண்டு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். அதற்கும் இதே கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்பதால் கூடுதல் பிரதிகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் வீடோ வயலோ இருப்பவர்கள் பவர் பத்திரத்தைக் கிளம்புவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது உத்தமம். நான் போன பிறகு, மேலப்பாளையத்தில் இருக்கும் சிறு வாடகை வீட்டுக்காகத் தம்பி பெயரில் பவர் கொடுக்க வேண்டிவந்தது. அதற்கு இந்தியத் தூதரகத்தில் முன்பதிவு செய்து, ரயிலில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு, அசலைத் தபாலில் அனுப்பினேன். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். ஊரில் இருந்திருந்தால் தம்பியும் நானும் ஒரு முற்பகலில் முடித்துவிட்டு வந்திருக்கக்கூடிய வேலை அது.